எல்லோரும் ‘பி’ அமுக்கிய நாள்

வகுப்பில் போய் நின்றுகொண்டு "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வரும். ராகம் போட்டு வரும். முன்வரிசை ஆரம்பிக்கும், பின்வரிசை இழுத்து முடிக்கும். அந்த ராகத்தைக் கேட்டுக்கொண்டே நானும் பல வருஷம் சமூக அறிவியல் நடத்தினேன். பரீட்சைத் தாளைத் திருத்தும்போது மட்டும், புரிந்த பிள்ளைகள் எல்லாம் எங்கே போனார்கள் என்று தேட வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் பள்ளிகளுக்குப் புது வகையான கருவிகள் வந்திருக்கின்றன. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் பதிலும் கம்பி இல்லாமலே பறந்து வந்து திரையில் விழும் ஏற்பாடு. அது முதன்முதலாக எங்கள் பள்ளிக்கு வந்தபோது நடந்த கதை ஒன்று உண்டு. கருவியை எப்படி மாட்டுவது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. மாட்டிய பிறகு நாம் எப்படி மாட்டிக்கொள்வோம் என்பதைச் சொல்கிறேன்.

காரைக்கால் பக்கம், திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி, போலகம் போகிற வழியில் இருந்தது எங்கள் பள்ளி. நான் கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் போய் வருவேன். பட்டினத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், கோயில் தெருப் பிள்ளைகள், மாதா கோயில் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கலந்து படித்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவோ அண்ணனோ மாமாவோ யாராவது ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். தனியார் பள்ளிகளின் வேன்கள் ஊருக்குள் வர ஆரம்பித்த பிறகு எங்கள் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்தது. பக்கத்துப் பள்ளியோடு இதைச் சேர்த்துவிடலாம் என்ற பேச்சும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சு எங்களையெல்லாம் விட எங்கள் தலைமையாசிரியரைத்தான் அதிகம் அரித்தது. நல்ல மனிதர். தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் அவரே ஸ்பேனரோடு போய் நிற்பார். ஆனால் மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் போதும், மனிதருக்கு வியர்த்துவிடும்.

அந்த வருஷந்தான் இரண்டு அட்டைப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் கைக்கடக்கமான ரிமோட்டுகள். ஏ, பி, சி, டி என்று நான்கு பொத்தான்கள். பென்டிரைவ் மாதிரி ஒரு துண்டு. அதை லேப்டாப்பில் செருகிவிட்டால் பிள்ளைகள் அமுக்குவதை அது வாங்கிக்கொள்ளும். எத்தனை பேர் ஏ, எத்தனை பேர் பி என்று புரொஜெக்டர் திரையில் கட்டம் கட்டமாக உயர்ந்து நிற்கும். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. பிள்ளைகள் முதல் நாளே அதை ‘ரிமோட்டு’ ஆக்கிவிட்டார்கள்.

ஒரு பெட்டி பக்கத்து அறைக் கணக்கு வாத்தியாருக்குப் போனது. மற்றதை அறிவியல் ஆசிரியருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். அவர் "எனக்கு லேப் இருக்கு, அது போதும் சார்" என்று நழுவிவிட்டதால் என் தலையில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"டீச்சர், இதுல சேனல் மாறுமா?" என்று கேட்டான் ஆரோக்கியராஜ். எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான் பாருங்கள், கேள்வியை நாம் முடிக்கும் முன்னாலேயே பதிலை ஆரம்பித்துவிடுபவன், அவன்தான் இவன். வகுப்புத் தலைவனும் அவன்தான்.

"மாறாது. உன் வாயத் தெறக்காமலே பதில் சொல்றதுக்கு இது."

"அப்ப நான் என்ன டீச்சர் பண்றது?" என்றான். வகுப்பே சிரித்தது.

சோதித்துப் பார்ப்பதற்காக முதல் கேள்வியாக, "நான் நடத்துவது உங்களுக்குப் புரிகிறதா?" என்று போட்டேன். ஏ என்றால் நன்றாகப் புரிகிறது, டி என்றால் ஒன்றுமே புரியவில்லை. திரையில் ஏ மட்டும் கூரையைத் தொட்டது. பழைய ராகம்தான், சத்தம் மட்டும் இல்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. முன்வரிசையில் ஸஃப்ரின் என்று ஒரு பெண் இருந்தாள். பெயரைக் கூப்பிட்டாலே தலை குனிந்துவிடும். அவள் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு எண் ஒட்டியிருந்தது.

"என்னம்மா பாக்குற?"

"இந்த நம்பர் எனக்குள்ளதா டீச்சர்? நான் என்ன அமுக்கினேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுமா?"

மெதுவாகத்தான் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கருவி வந்தாலும் பயம் போகவில்லை. எந்த எண் யாருடையது என்று டீச்சருக்குத் தெரியும் என்றால் பிள்ளை டீச்சருக்குப் பிடித்த பதிலைத்தான் அமுக்கும்.

சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி வரச் சொன்னேன். எல்லா ரிமோட்டையும் அதில் போட்டு, துணி அலசுகிற மாதிரி ஒரு கலக்குக் கலக்கி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "இப்ப யார்கிட்ட எது இருக்குன்னு எனக்கும் தெரியாது, லேப்டாப்புக்கும் தெரியாது. அமுக்குங்க."

அதே கேள்வி. இப்போது ஏ பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. சியும் டியும் நிமிர்ந்து நின்றன. நான் திரையைப் பார்த்தேன், பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். கோபப்படுவேனா என்று பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு என்னவோ சிரிப்புத்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அது. அதற்கு எப்படிக் கோபப்படுவது?

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் வாளி முறை வந்துவிட்டது. தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை. "டீச்சர், பேர்வாரியா ரிப்போர்ட் அனுப்பணுமே. வாளியில போட்டுக் கலக்கினா நான் என்னத்த அனுப்புறது?" என்றார். மாதம் ஒருமுறை பெயர்வாரியாகத் தேர்வு வைத்து அறிக்கை தருகிறேன், மற்ற நாளெல்லாம் வாளிதான் என்று பேசி முடித்தேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒரு நாள் கேள்வி போட்டால் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளைவிடத் திரையில் பதில்கள் அதிகமாக வருகின்றன. அரசலாறு எங்கே கடலில் கலக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாம் அமுக்கி முடித்த பிறகும் டி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. "டீச்சர், நம்ம கிளாஸ்ல யாரோ கண்ணுக்குத் தெரியாம உக்காந்திருக்காங்க" என்றான் ஆரோக்கியராஜ். இரண்டு பெண்கள் நிஜமாகவே கால்களை பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்து அறையில் கணக்கு வாத்தியாரும் ரிமோட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டியும் ஒரே அலைவரிசையில் இருந்திருக்கின்றன. அவர் வகுப்புப் பிள்ளைகள் கணக்குக்கு டி என்று அமுக்கியதெல்லாம் சுவரைத் தாண்டி வந்து எங்கள் அரசலாற்றில் விழுந்துகொண்டிருந்தது. வயர் இல்லாத பொருளுக்குச் சுவரும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அலைவரிசையை மாற்றிவைத்தோம், சரியாகிவிட்டது. ஆனால் ‘சிக்னல் கோளாறு’ என்ற வார்த்தை எங்கள் பள்ளிக்குள் நுழைந்தது அப்போதுதான். இனி நான் சொல்லப் போவதற்கு அதுவும் வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. ரிமோட்டு கொடுத்த பள்ளிகளில் எல்லாம் ஒரு வகுப்பைப் பார்க்கிறாராம். எந்தப் பள்ளியை வைத்துக்கொள்வது, எதைச் சேர்த்துவிடுவது என்பதிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று யாரோ தலைமையாசிரியர் காதில் போட்டுவிட்டார்கள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"டீச்சர், உங்க கிளாஸத்தான் காட்டப்போறேன். என்ன கேள்வி வச்சிருக்கீங்க?"

"பூமி சுழற்சி, தீர்க்கக்கோடு. அதத்தான் நடத்திக்கிட்டிருக்கேன் சார்."

"பிள்ளைங்க சரியா அமுக்குவாங்களா?"

"சில பேர் சரியா அமுக்குவாங்க. சில பேர் தப்பா அமுக்குவாங்க. அதப் பார்த்துட்டு மேற்கொண்டு நடத்தணும், அதுக்குத்தான சார் இது."

அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "தப்பா அமுக்குறதயா டீச்சர் ஆபீசருக்குக் காட்டுறது?" என்றார். நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் எனக்குக் காரைக்காலில் ஒரு கூட்டம். பள்ளியில் இல்லை. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மறுநாள் அதிகாரியம்மா வந்தார்கள். எளிமையான பருத்திப் புடவை, கையில் தண்ணீர் பாட்டில். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார்கள். தலைமையாசிரியர் கதவோரம் நின்றார். நான் வாளியை எடுக்கப் போனேன். அதற்குள் அவர், "ரிமோட்டெல்லாம் முன்னாடியே குடுத்தாச்சு டீச்சர். நீங்க ஆரம்பிங்க" என்றார். பிள்ளைகள் கையில் அவரவர் எண்ணுள்ள ரிமோட்டு இருந்தது. எனக்கு லேசாக உறுத்தியது. அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது வாளிக்காகச் சண்டை போட முடியுமா? ஆரம்பித்தேன்.

முதல் கேள்வி. பூமி எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குச் சுழல்கிறது? நான் வாசித்து முடிக்கவில்லை, திரையில் எல்லாப் பதிலும் வந்துவிட்டன. பி மட்டும் முழுசாக நின்றது. மேற்கிலிருந்து கிழக்கு. சரியான விடைதான்.

"வெரி குட்" என்றார்கள் அதிகாரி. தலைமையாசிரியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டாவது கேள்வியைப் போட்டேன். காரைக்காலில் சூரியன் உதிக்கும்போது, நமக்கு மேற்கே இருக்கும் துபாயில் என்ன நிலை? ஏ, ஏற்கெனவே உதித்திருக்கும். பி, சரியாக அதே நேரத்தில் உதிக்கும். சி, இன்னும் உதித்திருக்காது. டி, சொல்ல முடியாது.

மறுபடியும் நான் வாசித்து முடிக்கும் முன்னால் திரை நிறைந்தது. எல்லோரும் பி. ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் பி. துபாயிலும் போலகத்திலும் ஒரே நொடியில் சூரியன் உதிக்கிறது.

நான் ஆரோக்கியராஜைப் பார்த்தேன். அவன் தலைமையாசிரியரைப் பார்த்தான். தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் இல்லாதபோது அவர் வகுப்புக்கு வந்திருக்கிறார். லேப்டாப்பில் முதல் கேள்வியை மட்டும் பார்த்திருக்கிறார். "எது கேட்டாலும் பி அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாவம், பிள்ளைகள் சொன்னதைத் தட்டாமல் செய்திருக்கிறார்கள்.

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார்கள். "என்ன டீச்சர், தப்பா இருந்தாலும் ஒண்ணு ரெண்டு பேராவது வேற அமுக்குவாங்களே? எல்லாருக்கும் ஒரே தப்பா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பிள்ளையின் தோளில் கை வைத்தார்கள். "நீ சொல்லும்மா. ஏன் பி அமுக்கினே?"

அந்தப் பிள்ளை ஸஃப்ரின். எழுந்து நின்றாள். அவள் கண் கதவோரம் போய்விட்டுத் திரும்பியது.

"மேடம், அது வந்து சிக்னல் கோளாறுங்க. ஏற்கெனவே ஒரு தடவை இந்த மாதிரி ஆயிருக்கு. பக்கத்து ரூம் சிக்னல் வந்து…" என்றார் தலைமையாசிரியர். என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கெஞ்சியது அந்தப் பார்வை.

நண்பர்களே, நீங்கள் வேலைக்கு வந்த பிறகு இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். பொய் என்று யாருக்கும் தெரியாது, நாற்பது பிள்ளைகளைத் தவிர. சார்தான் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்லியிருந்தால் அது உண்மை. ஆனால் பள்ளியைக் காப்பாற்றத் துடிக்கிற ஒரு மனிதரை, அவர் பிள்ளைகள் முன்னாலேயே வைத்துக் கவிழ்த்ததாகிவிடும். இரண்டையும் விட எனக்கு அவசரமாகத் தெரிந்தது வேறு. அந்தப் பெண் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காட்டிக்கொடுக்க வேண்டும். பதில் சொல்லவே பயப்படுகிற பிள்ளையை அந்த இரண்டில் ஒன்றுக்கு விடக்கூடாது. அவள் வாய் திறக்கும் முன்னால் நான் திறந்தாக வேண்டும்.

"நீ உக்காரும்மா" என்றேன். பிறகு அதிகாரியிடம், "மேடம், இத யாரும் யோசிச்சு அமுக்கல. அது எனக்கு நல்லாத் தெரியுது. சிக்னல்மேலயும் பழி போட வேணாம். இதுவரைக்கும் நடந்தத ஒத்திகைன்னு வச்சுக்கங்க. இப்ப அதே கேள்விய மறுபடி கேக்குறேன். பார்த்துட்டு என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். "சரி, கேளுங்க."

வாளியை எடுத்தேன். "எல்லாரும் போடுங்க." டக் டக்கென்று ரிமோட்டுகள் விழுந்தன. நன்றாகக் கலக்கினேன். பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருந்ததில் ஒன்றை அதிகாரியிடம் நீட்டினேன். "நீங்களும் அமுக்கணும் மேடம்." இன்னொன்றைத் தலைமையாசிரியரிடம் நீட்டினேன். அவர் தயங்கினார். "எடுத்துக்கங்க சார். யாரு என்ன அமுக்கினாங்கன்னு ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அறைக்குள் மறுபடி காற்று வந்தது.

"ஒத்திகை முடிஞ்சுது. இப்ப நீங்க நெனைக்கிறத அமுக்குங்க. தப்பா இருந்தா ஒண்ணும் ஆகிடாது."

இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. வாசித்தார்கள். நகத்தைக் கடித்தார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காற்றில் சுற்றிப் பார்த்தான். திரை மெதுவாக நிறைந்தது. ஏ எல்லாவற்றையும் விட உயரம். சி அதில் பாதி. பி கொஞ்சம். டிக்கும் ரெண்டு பேர்.

சரியான விடை சி. பெரும்பாலானவர்கள் தப்பு. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

விடையை நான் சொல்லவில்லை. "ஏ அமுக்கினவங்க யாராவது ஏன்னு சொல்லுங்க. சி அமுக்கினவங்களும் சொல்லலாம். சண்டை போட்டுக்கங்க, அடிச்சுக்காதீங்க" என்றேன்.

ஆரோக்கியராஜ் எழுந்துவிட்டான். "டீச்சர், பூமி மேக்குலேருந்து கெழக்காலதான சுத்துது? அப்ப மேக்குல இருக்கறவனுக்குத்தான மொதல்ல வெளிச்சம் வரும்? துபாய் மேக்கால இருக்கு. அங்க மொதல்லயே விடிஞ்சிருக்கும்." பாதி வகுப்பு தலையாட்டியது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். பாடத்தில் படித்த வரியிலிருந்தே தப்பான விடைக்கு நேராக ஒரு ரோடு போட்டுவிட்டான்.

"இல்ல" என்று ஒரு குரல் வந்தது. யாரென்று எனக்கே முதலில் தெரியவில்லை. ஸஃப்ரின் உட்கார்ந்தபடியே சொல்லியிருந்தாள்.

"எந்திரிச்சு சொல்லும்மா."

எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஆரோக்கியராஜைப் பார்த்தாள். "எங்க வாப்பா துபாய்லதான் இருக்காங்க. நோன்பு நேரத்துல நாங்க ஸஹர் சாப்பிட்டு முடிச்சு, இங்க பாங்கும் சொல்லிடுவாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு நான்தான் போன் பண்ணி வாப்பாவ எழுப்பி விடுவேன். அவங்க எந்திரிச்சு அப்பறமாத்தான் ஸஹர் சாப்பிடுவாங்க. அங்க மொதல்லயே விடிஞ்சிருந்தா எப்படிச் சாப்பிடுவாங்க?"

ஸஹர் என்றால் நோன்பு வைப்பவர்கள் விடியலுக்கு முன்னால், பாங்கு என்ற தொழுகை அழைப்பு வருவதற்குள் சாப்பிடுவது. அந்த வகுப்பில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான்கைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் "ஆமா டீச்சர், எங்க மாமாவும்", "எங்க காக்காவும் அப்படித்தான்" என்று கத்தினார்கள். காக்கா என்றால் பட்டினத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன்.

"உங்க வாப்பாவ நீ எழுப்பி விடுவியா?" என்று வியந்தான் ஆரோக்கியராஜ்.

"அலாரம் வச்சா எந்திரிக்க மாட்டாங்க. நான் கூப்பிட்டாத்தான்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை இந்த எழுத்தில் என்னால் கொண்டுவர முடியவில்லை.

ஆனால் ஆரோக்கியராஜ் லேசில் விடுகிற ஆள் இல்லை. "அது சரி. ஆனா பூமி சுத்துறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. விடை தெரிந்துவிட்டது, காரணம் தெரியவில்லை. அவனை முன்னால் கூப்பிட்டேன். "நீதான் பூமி. உன் மூக்கு காரைக்கால். உன் வலது காது துபாய். உன் இடது கைப் பக்கம் கெழக்கு. அந்தப் பக்கமாத்தான் நீ சுத்துற."

"சூரியன் யாரு டீச்சர்?"

நான் யோசிக்கும் முன்னால் அதிகாரி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்கள். "நான்தாம்ப்பா" என்றார்கள்.

அவன் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றான். இராத்திரி. மெதுவாக இடது பக்கம் சுற்ற ஆரம்பித்தான். வகுப்பே பெஞ்சைவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தது. அவன் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியதும் நின்றான். மூக்கைத் தொட்டுப் பார்த்தான். வலது காதைத் தொட்டுப் பார்த்தான். காது இன்னும் பின்னாலேயே இருந்தது.

"அய்யோ, மூக்குக்குத்தாங்க டீச்சர் மொதல்ல! காதுக்கு இன்னும் விடியல!" என்று கத்தினான். தான் தோற்றுவிட்டோம் என்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம். பிறகு இன்னும் கொஞ்சம் சுற்றி, காது அதிகாரிக்கு நேராக வந்ததும், "துபாய்ல இப்ப விடிஞ்சுது, உங்க வாப்பாவுக்கு குட் மார்னிங் சொல்லு" என்றான். ஸஃப்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாவும் சூரியன் என்பதை மறந்து சிரித்துவிட்டார்கள்.

மூன்றாவது முறை அமுக்கச் சொன்னேன். சி உயர்ந்தது. முழுசாக இல்லை. ஏயில் இன்னும் ஓரிருவர் பிடிவாதமாக இருந்தார்கள். அதை நான் மறைக்கவில்லை. "அவங்களுக்கு நாளைக்கு மறுபடி நடத்தணும் மேடம்" என்றேன்.

போகும்போது அந்த அம்மா தலைமையாசிரியரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "இதுக்கு முன்னால நான் பார்த்த ஸ்கூல்லயெல்லாம் எல்லாரும் எல்லாத்தயும் சரியாத்தான் அமுக்கினாங்க சார். எனக்குத்தான் ஒண்ணும் நம்பிக்கை வரல. இங்கதான் பிள்ளைங்க தப்பு பண்ணி, அப்பறம் கத்துக்கிட்டத என் கண்ணால பார்த்தேன். இந்த டீச்சர் வேற ஸ்கூலுக்கும் போய் இதச் சொல்லிக்குடுக்கணும், அனுப்பி வையுங்க."

பள்ளியைச் சேர்த்துவிடும் பேச்சு அந்த வருஷம் எழவில்லை. அதற்கு அந்த வகுப்புத்தான் காரணம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

அதிகாரியின் கார் போன பிறகு தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்கு வந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ. ஒன்றை என் முன்னால் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்க என்னை மாட்டிவிட்டிருக்கலாம்."

"எதுக்கு சார்?"

"இல்ல, பிள்ளைங்ககிட்ட அப்படிச் சொல்லிக்குடுத்திருக்கக் கூடாது. எனக்கு அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னப்பத்தான் உறைச்சுது." டீயை ஊதினார். குடிக்கவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வாளியிலேருந்து எடுத்துக் குடுத்தீங்கல்ல? நான் ஏ அமுக்கினேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். "பாரிஸ்ல எங்க அண்ணன் இருக்கான். நேரம் அங்க பின்னாடின்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா மேற்கிலேருந்து கிழக்குன்னு படிச்சதும் கை தானா ஏவுக்குப் போயிடுச்சு. அந்தப் பையன் மூக்கத் தொட்டப்பத்தான் டீச்சர் எனக்கே வெளங்குச்சு. நானும் காதத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன், கதவுக்குப் பின்னால நின்னு."

அவர் கேட்டுக்கொண்டபடி அதை நான் அவர் ஓய்வு பெறும்வரை யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெறும் விழாவில் அவரே மைக்கைப் பிடித்து எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

பிறகு நான் பல பள்ளிகளுக்குப் போய் இந்த ரிமோட்டுகளைப் பற்றிப் பேசினேன். விழிதியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ரிமோட்டே வரவில்லை. அங்கே பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, நெஞ்சோடு சேர்த்து விரல்களைக் காட்டச் சொன்னோம். ஏவுக்கு ஒன்று, பிக்கு இரண்டு. பேட்டரியும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். அதுவும் நன்றாகவே வேலை செய்தது. உங்கள் கருவி ஒரு நாள் பழுதாகும். அன்றைக்கு இது உதவும்.

ஆனால் ரிமோட்டை மிக நன்றாகப் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டால், நான் எங்கள் தலைமையாசிரியரைத்தான் சொல்வேன். அதிகாரி வந்துபோன சில நாட்களுக்கெல்லாம் ஆசிரியர் கூட்டம் ஒன்று போட்டார். எங்கள் கூட்டம் என்றால் அவர் பேசுவார், நாங்கள் "சரிங்க சார்" என்போம். அன்றைக்குப் போனால் மேஜைமேல் ரிமோட்டுப் பெட்டி. திரையில் எதுவும் இல்லை.

"எல்லாரும் ஒண்ணு எடுத்துக்கங்க. கலந்துதான் இருக்கு" என்றார். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார். பிறகு தானே லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கேள்வியைப் போட்டார். எங்களில் யாரும் அவரிடமிருந்து எதிர்பார்க்காத கேள்வி.

‘பள்ளிக்கூடத்தில் ஒரு தப்பு நடந்தால் அதை என்னிடம் வந்து சொல்ல உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? ஏ, ஆம். பி, இல்லை.’

கணக்கு வாத்தியார் ரிமோட்டை மேஜைக்கு அடியில் கொண்டுபோய் அமுக்கினார். நான் அமுக்கினேன். திரை நிறைந்தது. ஏ நெடுநெடுவென்று உயர்ந்து நின்றது. பியில் ஒரே ஒருவர்.

தலைமையாசிரியர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திரும்பினார்.

"ஒருத்தர் மட்டும் பயமில்லன்னு அமுக்கியிருக்காரு. அந்த தைரியசாலி யாருன்னு பார்க்கறீங்களா?" என்றார். "நான்தான்."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அடக்க முடியவில்லை, அவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நாற்காலியை எங்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "சரி, சொல்லுங்க. இன்னிக்கு நான் பேசல" என்றார்.

அன்றைக்குத்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம்.